முதல் மகிழுந்தும் முன்னிருக்கையும்



எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் ஆசிரியர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஆலோசனை கேட்டார். மகிழுந்து வாங்க வேண்டுமாம். புதியதா பழையதா, ஏழாண்டுத் தவணையா ஒன்பதாண்டுத் தவணையா என்று கைப்பேசியில் ஒரு நீண்ட பட்டியலைக் காட்டினார். நான் அவருக்குப் பதில் சொல்லாமல் என்னுடைய முதல் மகிழுந்தின் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டேன். பாவம், அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டார். ஆயினும் அந்தக் கதையில் ஒரு பகுதியை அவரிடம் சொல்லாமல் விட்டுவிட்டேன். அதையும் சேர்த்து எழுதவே இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

என் முதல் மகிழுந்து 1988இல் செய்யப்பட்ட வெள்ளை நிறப் புரோட்டோன் சாகா. 1995 ஆண்டிறுதி விடுமுறையில் ஈப்போவில் பழைய மகிழுந்து விற்கும் ஒரு கடையில் வாங்கினேன். நாட்டின் முதல் தேசிய மகிழுந்தாக 1985 சூலை 9ஆம் நாள் வெளியிடப்பட்ட அதே சாகாதான். மிட்சுபிசி நிறுவனத்தின் துணையோடு உருவான வண்டி, 1.3 லிட்டர் இயந்திரம். சாகா என்பது ஒரு மரத்தின் பெயர் என்பதை இன்றைய பிள்ளைகள் பலர் அறியார். நம் ஊரில் ஆனைக்குன்றிமணி என்கிறோமே, அந்தச் சிவப்பு விதையைத் தரும் மரமே சாகா. பள்ளியில் எண்ணக் கற்றுக்கொடுக்க அந்த விதைகளைப் பயன்படுத்திய ஆசிரியர்கள் இதைப் படித்தால் நிச்சயம் புன்னகைப்பார்கள்.

முன்பணம் என் சேமிப்பில் பாதி. மீதி, தோட்டத்துப் பெண்கள் சேர்ந்து கட்டும் கூட்டுப் பணம். அந்த மாதம் அம்மாவின் முறை இல்லை. யாரோ ஒரு அக்காள் தம் முறையை விட்டுக்கொடுத்தார். அன்றைக்கே அந்த வண்டியில் அவருக்கும் ஒரு பங்கு ஏற்பட்டுவிட்டது என்பதை நான் பிறகுதான் உணர்ந்தேன்.

ஈப்போவிலிருந்து தாப்பா வரை ஒரு தொல்லையும் இல்லை. தாப்பாவிலிருந்து ஏறும் 59ஆம் எண் கூட்டரசு சாலையில்தான் சோதனை தொடங்கியது. சிம்பாங் பூலாய் வழியாகக் கம்போங் ராஜாவுக்கு ஏறும் சாலை அப்போது இல்லை. மலைக்கு வர வேண்டுமானால் லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சியைக் கடந்து, வளைவுக்கு வளைவு ஒலிப்பானை அழுத்திக்கொண்டுதான் வரவேண்டும். பாதி மலையில் வண்டி கொதித்து நின்றது. வெப்பத் தணிப்பியில் ஒழுக்கு இருப்பதைக் கடைக்காரர் என்னிடம் சொல்லவில்லை. சாலையோரத்தில் மூங்கில் குழாயும் பெத்தாயும் விற்றுக்கொண்டிருந்த பூர்வகுடி மக்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அன்று முதல் அந்த வண்டியின் பின்பக்கத்தில் இரண்டு பெரிய தண்ணீர்ப் புட்டிகள் நிரந்தரமாகக் குடியேறின. அவற்றைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன்.

தோட்டத்தில் பிறந்த ஒருவன் மகிழுந்து வாங்குவதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்று பட்டணத்து வாசகர்கள் எண்ணலாம். வில்லியம் கேமரன் 1885இல் இந்த மலைப்பகுதியை அளந்து சென்றார். 1929இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து சாலை வந்தபின் தோட்டங்கள் பெருகின. காட்டை அழித்துக் கொழுந்து கிள்ள வந்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். வேலைக்காடு, லயம், ஆயாக்கொட்டகை, கோயில், பள்ளி என யாவும் நடக்கும் தூரத்தில் அமைந்தன. பள்ளிக்கூடம் கூட, 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் தோட்ட முதலாளிகள் மீது சுமத்திய கடமையின் வழி வந்ததுதான். அந்த நடக்கும் தூரத்துக்கு அப்பால் செல்ல வேண்டுமென்றால் பிறருடைய வண்டியை எதிர்பார்க்க வேண்டும். காய்கறித் தோட்டக்காரர்களின் லேண்ட்ரோவர், தோட்டத்து லாரி, கிராணியாரின் ஹோண்டா கப், மேலாளரின் மகிழுந்து - என் சிறுவயதில் நான் அறிந்த வாகனங்கள் இவ்வளவே.

மேலாளரின் மகிழுந்து வந்தால் நாங்கள் சாலையை விட்டு இறங்கிக் கால்வாய் ஓரத்தில் நிற்போம். அப்பா தொப்பியைக் கழற்றுவார். யாரும் அப்படிச் செய்யச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. சொல்லாமலே செய்தார்கள் என்பதுதான் வேதனை.

அதனால்தான் வண்டி வீடு வந்து சேர்ந்த மறுநாள் பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி ஆலயத்தில் பூசை போடக் கிளம்பியபோது, அப்பா பின்கதவைத் திறந்து அமர்ந்ததில் எனக்கு வியப்பு ஏற்படவில்லை, வருத்தம்தான் ஏற்பட்டது. "முன்னால வாங்கப்பா" என்றேன். "இருக்கட்டும்யா, இங்கயே நல்லா இருக்கு" என்றார். தேயிலைத் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் இலை வாட்டும் பகுதியில் வேலை செய்தவர். அவர் அமர்ந்த இடத்தில் தேயிலை வாசம் நெடுநாள் இருந்தது. நான்கைந்து மாதங்கள் அவர் முன்னிருக்கைக்கு வரவே இல்லை.

பிறகு ஒரு நாள் மாலை. மருந்து வாங்கிக்கொண்டு தானா ராத்தாவிலிருந்து திரும்பி, தோட்டத்துச் சாலையில் மேடேறிக்கொண்டிருந்தேன். ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய குறுகிய சாலை. ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் பள்ளம். எதிரே மேலாளரின் வண்டி இறங்கி வந்தது. பின்னாலிருந்து அப்பா பதறினார். "பின்னால எடுத்துடுய்யா, பின்னால எடு." நானும் பின்னோக்கும் கியரைப் போட்டேன். அதற்குள் மேலாளர் தம் வண்டியைப் பின்னோக்கி எடுத்து, வளைவில் ஒதுங்கி நின்று, போகும்படி கையசைத்தார். மேடேறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை வழக்கம். அவர் அதைத்தான் செய்தார். அவருக்கு அது ஒரு நிகழ்ச்சியே அன்று. வீடு சேரும் வரை அப்பா ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் காலை கடைத்தெருவுக்குப் புறப்பட்டபோது முன்கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

அதன்பிறகு அந்த வண்டி எங்கள் வீட்டு வண்டியாக மட்டும் இருக்கவில்லை. பிரசவ வலி கண்டவர்களைத் தானா ராத்தா மருத்துவமனைக்குக் கொண்டு சென்றது. பத்துமலைக்குப் போகிறவர்களைத் தாப்பாவில் பேருந்து ஏற்றிவிட்டது. கல்யாண மாப்பிள்ளையைச் சுமந்தது. ஒருமுறை, சொல்லவே கூச்சமாக உள்ளது, திருவிழாவுக்கு நேர்ந்த ஆட்டையும் சுமந்தது. எண்ணெய்க் காசு கொடுத்தவர்களும் உண்டு, கொடுக்காமல் முருங்கைக்கீரை கொடுத்தவர்களும் உண்டு. என் மனைவி இன்றும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

எனக்கு மறக்கவே முடியாத நாள், 1996 யூ.பி.எஸ்.ஆர். தேர்வின் முதல் நாள். (1988இல் தொடங்கிய அந்தத் தேர்வு 2021இல் கைவிடப்பட்டது. இளம் பெற்றோர்கள் அந்தப் பதற்றத்தை அறியாமலே இருக்கப் போகிறார்கள், நல்லதுதான்.) இரவெல்லாம் மழை. எங்கள் ஆறாம் ஆண்டு மாணவர்களில் ஐவர் தோட்டத்தின் உட்பிரிவிலிருந்து லாரியில் வருபவர்கள். விடியற்காலையில் வழியில் மண் சரிந்து லாரி அந்தப் பக்கம் நின்றுவிட்டது. செய்தி கேட்டு நான் சாகாவை எடுத்துக்கொண்டு சரிவின் இந்தப் பக்கம் போய் நின்றேன். பெற்றோர்கள் கைப்பிடித்துச் சேற்றைத் தாண்டிவிட, ஐந்து பிள்ளைகளும் வெள்ளைக் காலணிகளை நெகிழிப் பைகளில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார்கள். முழங்கால் வரை சேறு. பின்பக்கத்தில் இருந்த இரண்டு புட்டித் தண்ணீரையும் ஊற்றிக் கால்களைக் கழுவிவிட்டேன். ஒருத்தி மட்டும், "சார், காடிக்குத் தண்ணி வேணாமா?" என்று கேட்டாள். வளைவுகளில் குமட்டாமலிருக்க ஆளுக்கோர் அசாம்போய் கொடுத்தேன். தேர்வு தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது பள்ளி வாசலை அடைந்தோம். வண்டி கொதிக்கவில்லை. அன்று அது கொதிக்காததற்கு எனக்கு இன்றுவரை காரணம் தெரியாது.

இதுவரை சொன்னதைத்தான் அந்த இளம் ஆசிரியரிடமும் சொன்னேன். சொல்லாமல் விட்டது இனி வருவது.

1998இல் திருமணத்துக்குப் பின் தானா ராத்தாவில் வாடகை வீடு எடுத்தேன். மகிழுந்து இருந்ததால்தானே அது முடிந்தது? அதுவரை லயத்திலிருந்து நடந்து பள்ளிக்குப் போனவன், காலையில் காடியில் வந்து பிற்பகலில் காடியில் திரும்புபவன் ஆனேன். மாலை நேரங்களில் கோயில் மண்டபத்தில் நடத்திவந்த வகுப்பு வாரம் மூன்று நாளிலிருந்து ஒரு நாளாகி, பின்னர் தேர்வுக் காலத்துக்கு மட்டும் என்றாயிற்று. மழை, பனிமூட்டம், குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருந்தது. எல்லாம் உண்மையான காரணங்களே. ஒருநாள் ஒரு மாணவனின் பாட்டி என்னிடம் சொன்னார்: "முன்னெல்லாம் வாத்தியாரு நடந்து வருவீங்க, வாசல்ல நின்னு பேசுவீங்க. பய படிக்கிறானான்னு கேப்பீங்க. இப்ப காடிச் சத்தம்தான் கேக்குது." அவர் குறையாகக் கூடச் சொல்லவில்லை. எனக்குத்தான் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி தளர்ந்ததற்குப் பல காரணங்களைச் சொல்கிறோம். தோட்டத்தில் வேலை செய்வோரில் இன்று வெளிநாட்டுத் தொழிலாளர்களே மிகுதி, நம் குடும்பங்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்துவிட்டன, பிறப்பும் குறைந்துவிட்டது. இவை மறுக்க முடியாதவை. 150 பேருக்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளிகள் என்று கல்வியமைச்சு வகைப்படுத்துகிறது. அந்த வகையில் நம் பள்ளிகள் ஏராளம். ஆனால் ஆசிரியர்களாகிய நாம், வண்டியேறிப் போனதைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. நடக்கும் தூரத்துக்குள் இருந்த பள்ளியின் பலமே, பிள்ளையின் வீடும் ஆசிரியரின் வீடும் ஒரே வரிசையில் இருந்ததுதான். அந்தப் பலத்தை இழந்ததில் என் வெள்ளைச் சாகாவுக்கும் ஒரு பங்குண்டு என்றே கருதுகிறேன். மகிழுந்து வாங்கியது தவறென்று நான் சொல்லவில்லை. மண்சரிவுக்கு இந்தப் பக்கம் அது இல்லாதிருந்தால் ஐந்து பிள்ளைகளின் கதி என்ன? இரண்டும் ஒரே வண்டிதான்.

பெற்றோர்களிடமும் ஒன்று கேட்க விரும்புகிறேன். நீங்கள் உங்கள் முதல் மகிழுந்தை வாங்கியபின், அருகிலிருந்த தமிழ்ப்பள்ளியைத் தாண்டிச் செல்வது எளிதாகிவிட்டதல்லவா? நான் குற்றம் சாட்டவில்லை. நானே தாண்டிச் சென்றவன்தான். இருந்தாலும் உங்களில் சிலர் பட்டணத்திலிருந்து காலையில் மலைவளைவுகளைச் சுற்றிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் பிள்ளையை இறக்கிவிடுகிறீர்கள். உங்களைப் பார்க்கும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

பாட்டி சொன்னதற்குப் பிறகு, வெள்ளிக்கிழமைதோறும் வண்டியைப் பள்ளியிலேயே நிறுத்திவிட்டு லயங்களுக்கு நடந்துபோகும் வழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டேன். பழைய நாட்கள் திரும்பிவிட்டன என்று சொன்னால் அது பொய். ஆனால் யார் வீட்டில் மேசை இல்லை, யார் வீட்டில் தகப்பன் இல்லை என்பது மீண்டும் தெரியவந்தது. அந்த இளம் ஆசிரியர் இதைப் படித்தால் ஒன்று சொல்வேன்: தம்பி, சிறிய வண்டியாக வாங்குங்கள். ஒன்பதாண்டுத் தவணை வேண்டாம். தவணைக் கவலை மிகுந்தால் டியூசனுக்கு ஓடத் தோன்றும். பிள்ளைகளுக்கு மிஞ்சும் மாலை நேரம் குறையும்.

சாகாவை 2007இல் விற்றேன். கம்போங் ராஜாவிலிருந்து ஒரு காய்கறித் தோட்டக்காரர் வந்தார். முட்டைக்கோசு ஏற்ற இடம் வேண்டும், பின்னிருக்கையைக் கழற்ற வேண்டும் என்றார். இருவருமாகக் கழற்றினோம். அடியில் அசாம்போய் உறைகள் ஏழெட்டு, பல் பதிந்த ஒரு 2பி பென்சில், ஓர் ஒற்றை வெள்ளைக் காலணி நாடா, காய்ந்துபோன வேப்பிலை, ஐந்து காசு நாணயங்கள் சில கிடந்தன. அப்பா அருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நாணயங்களை வாங்குபவரிடம் கொடுத்துவிட்டு, மற்றவற்றைச் செய்தித்தாளில் மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.