கேட்பதில் வெட்கம் எதற்கு?

 

நம் பிள்ளைகளில் பலர் இன்று அமெரிக்காவில் படிக்கின்றனர், பணி புரிகின்றனர். பேரப்பிள்ளைகளைக் காண அங்கே சென்று வரும் பெற்றோரும் உளர். நியூயார்க், நியூஜெர்ஸி போன்ற மாநிலங்களில் 'டைனர்' என்றழைக்கப்படும் எளிய உணவகங்கள் ஏராளம். அவற்றுள் பல, கிரேக்கக் குடும்பங்கள் தலைமுறையாய் நடத்தி வருபவை. அத்தகைய உணவகத்தில் ஒரு முஸ்லிம் குடும்பம் எப்படி அமர்வது, எப்படி உண்பது? இம்மாதம் இதனைச் சிந்திப்போம்.

டைனரின் வரலாறு உழைப்பாளிகளின் வரலாறு. 1872-இல் பிராவிடன்ஸ் நகரில் வால்ட்டர் ஸ்காட் என்பவர், குதிரை பூட்டிய வண்டியொன்றில் இரவு நேரப் பணியாளர்களுக்கு உணவு விற்கத் தொடங்கினார். அந்த வண்டியே டைனரின் மூதாதை. பின்னர் இவ்வுணவகங்களை ரயில் பெட்டியின் வடிவில் தொழிற்சாலையிலேயே கட்டி முடித்து, வேண்டிய ஊருக்குக் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

இத்தொழிலில் கிரேக்கர் எவ்வாறு நுழைந்தனர்? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து, வறுமையின் காரணமாக அவர்கள் பெருந்திரளாய் அமெரிக்கா சென்றனர். 1924-இல் இயற்றப்பட்ட குடியேற்றச் சட்டம் அவர்கள் வருகையைப் பெரிதும் தடுத்தது; 1965-ஆம் ஆண்டுச் சட்டம் கதவை மீண்டும் திறந்தது. மொழி தெரியாமல் வந்தவர், உறவினர் ஒருவரின் உணவகத்தில் தட்டுக் கழுவும் வேலையில் சேர்வார், சமையல் கற்பார், சிறுகச் சிறுகச் சேர்த்துப் பங்காளியாவார், பிறகு தமக்கென ஒரு கடை வைப்பார். அடுத்து ஊரிலிருந்து வரும் தம்பிக்கு அங்கே தட்டுக் கழுவும் வேலை காத்திருக்கும்! கணவர் அடுப்படியில், மனைவி கல்லாவில், பள்ளி விட்டு வந்த பிள்ளைகள் மேசை துடைப்பதில் எனக் குடும்பமே கூடி உழைத்த தொழில் அது. தாவூத் நபி (அலை) அவர்கள் தம் கைகளால் உழைத்து உண்டதை நம் நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்துச் சொன்னார்கள். அத்தகைய உழைப்பை எவரிடம் கண்டாலும் நாம் மதிக்க வேண்டாமா?

கிரேக்க மொழியில் 'க்ஸெனோஸ்' என்ற ஒரே சொல் அந்நியரையும் குறிக்கும், விருந்தினரையும் குறிக்கும். விருந்தோம்பலுக்கு அவர்கள் வழங்கும் சொல்லின் பொருளோ 'அந்நியரை நேசித்தல்' என்பது. 1963-இல் நியூயார்க்கின் கிரேக்க உணவகங்களுக்கென்றே நீலமும் வெண்மையுமாய் ஒரு காகிதக் காப்பிக் கோப்பை உருவாயிற்று. உங்களுக்குப் பணிபுரிவதில் மகிழ்ச்சி என்னும் கருத்துடைய வாசகம் அதில் அச்சிடப்பட்டிருந்தது. அதனை வடிவமைத்த லெஸ்லி பக், நாஜிகளின் வதைமுகாம்களிலிருந்து உயிர் தப்பிய ஒரு யூதர். ஆக, ஓர் அந்நியர் இன்னோர் அந்நியருக்காகச் செய்து கொடுத்த கோப்பை அது! விருந்தினரைக் கண்ணியப்படுத்துவதை ஈமானோடு இணைத்துச் சொன்ன மார்க்கம் நம்முடையது. இந்தப் பண்பின் அருமை நமக்குப் புரியாததன்று.

இனி, நம் கவலைக்கு வருவோம். டைனரின் அடுப்படியில் தோசைக்கல்லைப் பெரிதாக்கினாற்போல் ஓர் அகன்ற இரும்புக்கல் இருக்கும். முட்டையும் உருளைக்கிழங்கும் 'பான்கேக்'கும் அதன்மீதுதான் வேகும். 'பேக்கன்' என்னும் பன்றி இறைச்சித் துண்டும் பெரும்பாலும் அதன்மீதுதான் பொரியும். காய்கறி ரசமென்று பட்டியலில் காண்பது இறைச்சிச் சாற்றில் வெந்ததாக இருக்கலாம். பழப் பணியாரத்தின் மாவில் பன்றிக் கொழுப்புச் சேர்ந்திருக்கலாம். பெயரை மட்டும் பார்த்து, "இது சைவந்தானே!" என்று உண்பவர் ஏமாறக்கூடும்.

இந்நிலையில் நம்மவரிடம் இருவகைப் போக்கைக் காண்கிறோம். ஒரு சாரார், "நாலு பேர் நடுவில் கேட்டால் என்ன நினைப்பார்கள்?" எனக் கூசி, வந்ததை உண்டு விடுகின்றனர். மற்றொரு சாரார், அந்த வாசலை மிதிப்பதே பாவம்போல் முகஞ்சுளித்து, உடன் பணிபுரிவோர் அன்போடு அழைத்தாலும் கடுஞ்சொல் கூறி விலகுகின்றனர். இரண்டும் சரியன்று.

அபூஸஃலபா (ரலி) அவர்கள் வேதக்காரர்கள் வாழும் நிலப்பகுதியில் வசித்தவர்கள். அவர்களுடைய பாத்திரங்களில் நாங்கள் உண்ணலாமா என்று அண்ணல் நபி (ஸல்) அவர்களிடமே கேட்டார்கள். வேறு பாத்திரம் கிடைத்தால் அதில் உண்ணுமாறும், கிடைக்காவிடில் அதையே கழுவி உண்ணுமாறும் வழிகாட்டப்பட்டது. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது. இதில் நமக்குள்ள படிப்பினை என்ன? அந்த ஸஹாபி வெட்கப்பட்டு வாளாவிருக்கவில்லை, கேட்டார். கிடைத்த விடையிலோ அலட்சியமும் இல்லை, அளவுமீறிய கடுமையும் இல்லை.

வேதக்காரர் அறுத்ததைப் பற்றி அல்மாயிதா அத்தியாயத்தின் 5-ஆம் வசனம் பேசுகிறது. இன்றைய இயந்திர அறுப்புக்கூடங்களின் இறைச்சி அதில் அடங்குமா என்பதில் ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பேணுதலை நாடுவோர் அங்கே இறைச்சியைத் தவிர்ப்பதே நலம். ஆனால் பன்றியும் மதுவும் எவர் சமைத்தாலும் ஹராம். அதில் வேறுபாட்டுக்கே இடமில்லை.

நாம் கேட்டால் அவர்கள் நகைப்பார்களோ என்று அஞ்ச வேண்டியதில்லை. கிரேக்கர்களின் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையில், ஈஸ்டருக்கு முன் பல வாரங்கள் நீளும் நோன்புக்காலம் உண்டு. அதனைப் பேணுவோர் இறைச்சி, முட்டை, பால் மூன்றையும் விலக்குவர். தம் வீட்டிலேயே தாயும் பாட்டியும் உணவைப் பார்த்துப் பார்த்து விலக்கியதைக் கண்டு வளர்ந்தவருக்கு, இறைவனுக்காக ஒன்றை விலக்குவது என்னவென்று விளக்கவும் வேண்டுமோ? மேலும், கிரேக்க நாடு ஏறத்தாழ 400 ஆண்டுகள் உஸ்மானியர் ஆட்சியில் இருந்தது. அவர்களின் 'கெஃப்தேதெஸ்' நம் கோஃப்தாவின் உறவு. 'பிலாஃபி' நம் புலாவின் உறவு! அவர்களும் நாமும் முற்றிலும் அந்நியரல்லர்.

ஆகவே பணிவோடும் தெளிவோடும் கேளுங்கள்: "நாங்கள் முஸ்லிம்கள், பன்றி இறைச்சியும் மதுவும் கலந்ததை உண்பதில்லை. இந்த முட்டையைத் தனிச் சட்டியில் பொரித்துத் தர இயலுமா?" இயன்றால் செய்து தருவார்கள், இயலாதெனில் அவித்த முட்டை, வெண்ணெய் தடவிய ரொட்டி, பழம், தேநீர் ஆகியவை இருக்கவே இருக்கின்றன. கூட்டம் நெருக்கும் நேரத்தில் அதட்டிக் கேளாதீர்கள். ஐயம் தீரவில்லையெனில் இன்முகத்தோடு விட்டுவிடுங்கள்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, வாடிக்கையாளர் தரும் அன்பளிப்பைப் பெறும் பணியாளருக்கு முதலாளி மணிக்கு 2 டாலர் 13 சென்ட் மட்டுமே நேரடிக் கூலியாகத் தரலாம்; 1991 முதல் இத்தொகை உயரவில்லை. சில மாநிலங்கள் கூடுதலாக விதித்திருப்பினும், மேசையில் நாம் வைக்கும் தொகைதான் பலருக்கு வயிற்றுப்பாடு. நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரை வைப்பது அங்கே வழக்கம். தனிச் சட்டி கேட்டு வாங்கி உண்டுவிட்டு வெறுங்கையோடு எழுவது முஸ்லிமுக்கு அழகாகுமா? வியர்வை உலருமுன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபியின் உம்மத்தல்லவா நாம்!

பெற்றோர்களே! அந்த மேசையில் உங்கள் பிள்ளைகளும் அமர்ந்திருக்கிறார்கள். நீங்கள் குரல் தாழ்த்தி, தலைகுனிந்து கேட்டால், தன் மார்க்கம் மறைக்க வேண்டிய ஒன்று என்று அந்தப் பிஞ்சு நெஞ்சம் எண்ணிவிடும். சினந்து கேட்டால், மார்க்கம் பிறரை வெறுப்பதற்கென்று எண்ணிவிடும். நிமிர்ந்து, புன்னகையோடு கேட்டு, நன்றி கூறி, பிஸ்மில்லாஹ் சொல்லி உண்டீர்களானால், நாளை நீங்கள் உடனில்லாத மேசையிலும் அப்பிள்ளை அவ்வாறே கேட்கும். எத்தனை நூல்களைப் புகட்டினாலும் கிடைக்காத பாடம் இது!

ஹலாலை நாடிக் கேட்கும் துணிவையும், கேட்கும்போது கனிவையும் நமக்கும் நம் சந்ததியினருக்கும் வல்ல அல்லாஹ் வழங்கி அருள்வானாக! ஆமீன்.