உங்க டைம்ஷீட்டை ஏஐ ஏஜென்ட் போட்டால்..? அதற்குத் தனியா ஒரு கையேடு ஏன் தேவை?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மேனேஜரிடமிருந்து மெசேஜ்: "டைம்ஷீட் போட்டாச்சா?" திங்கட்கிழமை என்ன வேலை பார்த்தோம்னு யாருக்கு ஞாபகம் இருக்கு? குத்துமதிப்பா நாலு, மூணு, ஒண்ணுன்னு எட்டு மணி நேரத்தை நிரப்பிட்டு லேப்டாப்பை மூடிவிடுவோம். ஒருகாலத்தில் இது ஓஎம்ஆர் தலைவலி. 2024 பிப்ரவரியில் வானூர் பக்கம் திருச்சிற்றம்பலத்தில் மினி டைடல் பார்க் திறந்தாச்சு. வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். விழுப்புரம், திண்டிவனத்துக்கும் இந்தத் தலைவலி வந்துவிட்டது.

இதை ஏஐ ஏஜென்டிடம் தள்ளிவிடலாம் என்பதுதான் இப்போதைய பேச்சு. சாட்பாட் பதில் சொல்வதோடு நின்றுவிடும். ஏஜென்ட் இன்னொரு மென்பொருளைத் திறந்து வேலையையே முடிக்கும். இரண்டையும் இணைக்க 'எம்சிபி' என்ற பொது நெறிமுறையை ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்டது. நம்ம ஊர் ஜோஹோவும் 2025 ஜூலையில் தன் எம்சிபி சர்வரை அறிவித்தது. "காலையில ரெண்டு மணி நேரம் பில்லிங் ப்ராஜெக்ட்ல இருந்தேன்" என்று சொன்னால் போதும், ஏஜென்ட் பதிவு செய்துவிடும்.

சரியாகப் பதிவு செய்யுமா என்பதுதான் கேள்வி. அது ஏஜென்ட் படிக்கும் கையேட்டைப் பொறுத்தது.

இருக்கிற கையேடு போதாதா?

போதாது. நமக்கான கையேட்டில் ஸ்கிரீன்ஷாட் இருக்கும், "மேலே உள்ள பச்சை பட்டனை அழுத்தவும்" என்று இருக்கும். ஏஜென்டுக்கு பட்டன் தேவையில்லை. எந்தக் கட்டளை, அதற்கு என்ன விவரம் தர வேண்டும், திரும்பி என்ன வரும், தப்பானால் என்ன செய்தி வரும் என்பதுதான் தேவை. இன்னொரு சிக்கலும் உண்டு. புரியலைன்னா நாம பக்கத்து சீட்டில் கேட்போம். ஏஜென்ட் பல நேரம் கேட்காது, ஊகித்துவிடும். அதுவும் ரொம்ப நம்பிக்கையோடு!

கையேடு நீளமாக இருந்தாலும் பிரச்சினைதான். அதனால்தான் 2025 அக்டோபரில் வந்த 'ஸ்கில்' முறையில், ஏஜென்ட் முதலில் பெயரையும் சின்ன விளக்கத்தையும் மட்டும் பார்க்கும். தேவைப்பட்டால்தான் முழுசையும் படிக்கும். அந்த இரண்டு வரி விளக்கம் சொதப்பினால், உள்ளே எவ்வளவு நல்லா எழுதியிருந்தும் பயனில்லை.

அஞ்சரை மணி நேர வில்லங்கம்

நேரத்தைக் கையாளும் கருவிகளில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். பல மென்பொருள்கள் உள்ளுக்குள் யுடிசி நேரத்தில்தான் கணக்கு வைக்கும். நம்ம நேரம் அதைவிட அஞ்சரை மணி நேரம் முன்னால். அமெரிக்க கிளையன்ட்டுக்காக அக்டோபர் 1 அதிகாலை 2 மணிக்கு விழுப்புரத்தில் உட்கார்ந்து வேலையைத் தொடங்குகிறீர்கள். யுடிசி கணக்கில் அது செப்டம்பர் 30 இரவு 8.30. "தேதியை ஆசியா/கொல்கத்தா நேரத்தில் எழுது" என்ற ஒரு வரி கையேட்டில் இல்லையென்றால், உங்க உழைப்பு போன மாத பில்லுக்குப் போய்விடும். அந்த பில் ஏற்கெனவே அனுப்பியாச்சு என்றால்? அதன்பிறகு அலையப்போவது நீங்கள்தான்.

அடுத்தது ரயில். திண்டிவனத்தில் ஏறி டைமரை ஓடவிடுகிறீர்கள். மேல்மருவத்தூர் தாண்டும்போது நெட் போய்விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 'நிறுத்து' கட்டளை போனதா, இல்லையா? தெரியாமல் ஏஜென்ட் மறுபடி அனுப்பினால் சில கருவிகளில் ஒரே வேலை இரண்டு பதிவாகும். "பதில் வராவிட்டால் முதலில் பட்டியலைப் பார், பிறகு அனுப்பு" என்று கையேடு சொல்ல வேண்டும்.

கடைசியில் இது சம்பள விஷயம்

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 1947 சொல்வது நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். அதற்கு மேல் என்றால் இரட்டிப்பு ஊதியம். கையேட்டில் யாரோ "ஒரு நாள் என்றால் 8 மணி நேரம்" என்று எழுதிவைத்தால், நீங்கள் உழைத்த 9 மணி 40 நிமிடத்தை ஏஜென்ட் சமத்தாக 8 ஆக்கிவிடும். யாரும் வேண்டுமென்று ஏமாற்றவில்லை. ஆனால் ஓவர்டைமுக்கான ஆதாரம் காணாமல் போய்விட்டது.

இது ஐடி ஊழியர்களுக்கு மட்டும் வரும் கவலை இல்லை. 100 நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல் என்எம்எம்எஸ் செயலி வழி வருகைப் பதிவு கட்டாயமானது. தினமும் இரண்டு முறை, நேரமும் இடமும் பதிவான போட்டோ. சிக்னல் இல்லாமல் போட்டோ ஏறவில்லை, கூலி போச்சு என்ற புகார்கள் நாடு முழுக்க எழுந்தன. மண் வெட்டியது உண்மை, ஆனால் பதிவில் இல்லை.

உங்க ஆபீஸில் ஏஜென்ட் வந்துவிட்டால், அதன் கையேட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். பெரும்பாலும் சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்தான், கோடிங் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நேர மண்டலம் எது? 15 நிமிடத்துக்கு முழுமையாக்குகிறதா, மேலேயா கீழேயா? பழைய பதிவை உங்களைக் கேட்காமல் திருத்தவோ அழிக்கவோ அனுமதி உண்டா? ஏஜென்ட் போட்ட பதிவு, நீங்கள் போட்ட பதிவு என்று தனித்தனியாகக் குறிக்கப்படுகிறதா? கடைசிக் கேள்விக்கு 'இல்லை' என்று பதில் வந்தால், வெள்ளிக்கிழமை அந்த 'சப்மிட்' பட்டனை மட்டும் நீங்களே அழுத்துங்கள். ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு.