ஓடியவனுக்காக விழுந்தவனுக்குத் தண்டமா?

சாலையோரம் நடந்து செல்பவன்மீது ஊர்தி மோதுகிறது. மோதியவன் நின்றால் அவனுக்கு ஒரு நீதி. ஓடினால் வேறொரு நீதி! இந்திய நாட்டின் இன்றைய சட்டம் இது.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 164-ஆவது பிரிவைப் பாருங்கள். ஊர்தி இன்னதெனத் தெரிந்தால், ஓட்டியவன் பிழையை மெய்ப்பிக்காமலேயே உயிரிழப்புக்கு 5 இலட்சமும், கொடுங்காயத்துக்கு இரண்டரை இலட்சமும் கோரலாம். உரிமையாளரோ காப்பீட்டு நிறுவனமோ கொடுத்தாக வேண்டும். நன்று. ஆனால் இடித்தவன் இருளில் மறைந்துவிட்டாலோ, 161-ஆவது பிரிவின்படி உயிருக்கு 2 இலட்சம். கொடுங்காயத்துக்கு வெறும் 50,000! இதுவும் 2022 ஏப்ரலில் உயர்த்தப்பட்ட தொகை. அதற்கு முன்னர் 25,000 என்றும் 12,500 என்றும் இருந்த கொடுமையை என்னென்பது!

ஊர்தியின் எண் தெரியாவிட்டால் உடைந்த கால் குறைவாகவா வலிக்கிறது? ஓடியவனைப் பிடிக்க வேண்டியது காவல்துறை. அது பிடிக்கத் தவறியதற்கு, சுமை தூக்கிப் பிழைக்கும் கூலியாளா தண்டம் கட்டுவது?

அந்தச் சிறு தொகையேனும் போய்ச் சேர்கிறதா? வருவாய்த்துறை அலுவலரிடம் மனுச் செய்யலாம் என்பதையே பாதிக்கப்பட்டோர் பலர் அறியார். ஒரு திங்களுக்குள் ஊர்தியைக் கண்டறிய முடியாவிட்டால், இழப்பீடு கோரும் உரிமையைக் காவல் நிலையம் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும் என்று 2024 சனவரியில் உச்சநீதிமன்றமே ஆணையிட நேர்ந்தது. தொகையை ஆண்டுதோறும் உயர்த்துவது குறித்து எண்ணிப் பார்க்கவும் நடுவண் அரசைப் பணித்தது.

எண்ணிப் பார்த்தது போதும். 164-ஆவது பிரிவின் தொகையை 161-க்கும் வழங்குக! மனுவைக் காவல் நிலையமே எழுதி அனுப்பட்டும். ஊன்றுகோலுடன் ஒருவன் அலுவலகம் அலுவலகமாய் ஏறி இறங்க வேண்டாம்.