யாருக்கு அம்மா?

பக்கம் நிரம்பாமல் நாலு வரி இடம் மிஞ்சினால், சினிமாப் பக்கம் பார்க்கும் நாங்கள் எடுத்துப் போடுகிற துணுக்கு ஒன்று உண்டு. 1975-ல் ‘அபூர்வ ராகங்கள்’ படத்தில் ரஜினியின் மனைவியாக நடித்த ஸ்ரீவித்யா, 1991-ல் ‘தளபதி’யில் அவருக்கே அம்மாவாக நடித்தார். ரஜினி பிறந்தது 1950 டிசம்பரில், ஸ்ரீவித்யா 1953 ஜூலையில். மகனைவிட இரண்டரை வயது இளைய அம்மா! ஆச்சரியக்குறியோடு இதை எத்தனை தடவை அச்சேற்றியிருப்போம் என்று கணக்கில்லை. அந்த 16 வருஷத்தில் அவர் மட்டும் எப்படி ஒரு தலைமுறை தாண்டிப் போனார் என்று ஒரு பத்தி எழுதியதில்லை. பாடகி எம்.எல். வசந்தகுமாரியின் மகள், நன்றாகப் பாடுகிறவர் என்பதெல்லாம் 2006-ல் இரங்கல் குறிப்பு எழுத உட்கார்ந்தபோதுதான் ஞாபகம் வந்தது.

கேட்டால், ‘இண்டஸ்ட்ரி அப்படி’ என்போம். தயாரிப்பாளர் கேட்கிறார், ரசிகன் கேட்கிறான், நாம் என்ன செய்ய? ஆனால் அறுபது வயது நாயகனுக்கு ‘வயசே தெரியவில்லை’ என்று விமர்சனத்தில் எழுதியது நாங்கள். நாற்பதைத் தொட்ட நடிகைக்கு ‘முகத்தில் முதிர்ச்சி தெரிகிறது’ என்று எழுதியதும் அதே கைதான். 2015-ல் ஜோதிகா திரும்பி வந்த படத்தின் பெயரே ‘36 வயதினிலே’. அந்தப் படம் கேட்ட கேள்வி எங்கள் மேசைக்கும் சேர்த்துத்தான் என்று யாருக்கும் உறைக்கவில்லை.

பரவை முனியம்மா 2003-ல் ‘தூள்’ படத்தில் பாடி ஆடியபோது அறுபதைத் தாண்டியிருந்தார். அதற்கு முன் எத்தனையோ வருஷம் திருவிழா மேடைகளில் நாட்டுப்புறப் பாட்டு பாடியவர். எங்களைப் பொறுத்தவரை அவர் படம் வெளியான அன்றுதான் பிறந்தார். ‘கலக்கும் பாட்டி’ என்று தலைப்பு வைத்தோம். பாட்டை யாரிடம் கற்றார், எத்தனை மெட்டு மனசில் வைத்திருக்கிறார், ராத்திரி முழுக்கப் பாடினால் கையில் என்ன கொடுப்பார்கள் என்றெல்லாம் கேட்கத் தோன்றவில்லை. ஹீரோ எப்படிப் பழகினார் என்பதே எங்கள் கேள்வி. பிறகு அவர் நோயில் கிடந்தபோது வறுமைச் செய்திக்காகத் திரும்பவும் போனோம். 2020 மார்ச்சில், ஊரடங்கின் நடுவே இறந்தார். பழைய கோப்பைத் தூசி தட்டி இரங்கலை முடித்தோம்.

‘ஆண் பாவம்’ படத்தில் நடித்த கொல்லங்குடி கருப்பாயிக்கும் இதே கதைதான். ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் அப்பாவாக வந்த தங்கராஜ், பெண் வேடமிட்டு ஊர் ஊராக ஆடிய கலைஞர். அவர் குடியிருந்த வீட்டின் கதி, படம் வந்த பிறகுதான் எங்கள் கண்ணில் பட்டது. ‘கடைசி விவசாயி’ படத்தில் நடித்த நல்லாண்டி, அது வெளிவரும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்.

ஔவையை நினைத்தால் கொஞ்சம் கூச்சமாகவே இருக்கிறது. கல்யாணம் வேண்டாம், தமிழ் போதும் என்று பிள்ளையாரிடம் மன்றாடி, இளம் பெண்ணாக இருந்தவள் கிழவியானாள் என்பது நம் கதை. முதுமையை வரமாகக் கேட்டு வாங்கியவளின் மொழியில் பத்திரிகை நடத்திக்கொண்டு, அட்டைப்படத்தில் நரையை அழித்துக்கொண்டிருந்தோம். 1953-ல் கே.பி. சுந்தராம்பாள் ஔவை வேடம் போட்டபோது அவருக்கு வயது நாற்பதுகளில். படமே அவரை நம்பித்தான் ஓடியது.

பாட்டிகளுக்காவது ஒரு தலைப்பு கிடைத்தது. நாற்பத்தைந்து வயதுக்காரர்களுக்கு அதுவும் இல்லை. ‘பாட்டி’ என்று கொண்டாட முடியாது, ‘புதுமுகம்’ என்று எழுதக் கை வராது.

அப்படி ஒருவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். வயது நாற்பத்து மூன்று, வங்கி வேலை, பதினைந்து வருஷமாக நாடகம். அம்மா வேடத்துக்கு ஒல்லி, அக்கா வேடத்துக்கு வயசு அதிகம் என்று ஆடிஷனில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். காபி வாங்கிக் கொடுத்தோம். “நல்ல போட்டோகிராபரா பார்த்து எடுங்க மேடம், கொஞ்சம் கலரா காட்டுவார்” என்று யோசனையும் சொன்னோம். அதற்கப்புறம் வருஷா வருஷம் நாடக அழைப்பிதழ் வந்தது. ஒருவரும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், யார் போவது?

போன மாதம் அவர் போன் செய்தார். ஒரு படத்தில் நல்ல வேடமாம், டப்பிங்கே முடிந்துவிட்டதாம். எங்களில் மூத்தவர்தான் எடுத்துப் பேசினார். வாழ்த்துச் சொல்வதற்கு முன்பே அவர் வாயில் வந்த கேள்வி: “யாருக்கு அம்மா?”

“யாருக்கும் அம்மா இல்லைங்க சார். சர்வேயர்.”

ஸ்பீக்கரில் இருந்ததால் எல்லோருக்கும் கேட்டது. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மூத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த வாரம் பக்கத்தில் இடம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறோம் என்றார்.