180 மீட்டர் மேம்பாலமும் ஒரு முகத்துவாரமும்

சென்னையில் வசதியுள்ள தம்பதிகளுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை அலுத்துவிட்டது. ஆஸ்திரேலியாவுக்குப் பறந்து, வாடகைக் கார் எடுத்து, கிரேட் ஓஷன் ரோட்டில் கடலை ஒட்டியே ஓட்டிவிட்டு வருகிறார்கள். வந்ததும் காணொளி. அதன் முடிவில் தவறாமல் ஒரு கேள்வி: "நம்ம ஊர்ல ஏன் இப்படி ஒரு ரோடு இல்ல?" இப்போது அவர்கள் கண் வடக்கே பழவேற்காட்டின் மேல் விழுந்திருக்கிறது. ஏரி இருக்கிறது, பூநாரை இருக்கிறது, டச்சுக்காரன் கல்லறை இருக்கிறது. அங்குள்ள மீனவர் ஊரான கோட்டைக்குப்பம் வரை நல்ல ரோடு ஒன்றுதான் பாக்கியாம்.

அரசின் காதில் இந்தப் பாட்டு நன்றாகவே விழுகிறது. 2025–26 பட்ஜெட்டில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவான்மியூரிலிருந்து உத்தண்டி வரை 14.2 கிலோமீட்டருக்கு நான்கு வழி மேம்பாலச் சாலை அறிவித்தார்கள். மதிப்பீடு 2,100 கோடி ரூபாய். அதாவது கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 148 கோடி. பழவேற்காட்டு முகத்துவாரம் மண் மூடாமல் இருக்க இருபுறமும் தடுப்புச் சுவர் கட்டுங்கள் என்று மீனவர்கள் பல ஆண்டுகள் மனு கொடுத்து, மறியல் செய்து, கடைசியில் வாங்கிய ஒதுக்கீடு சுமார் 27 கோடி. அந்தப் பணத்தை மேம்பாலக் கணக்கில் போட்டால் 180 மீட்டர் வரும். அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் அதைப் பதினோரு விநாடியில் தாண்டிவிடும். டஜன் கணக்கான குப்பங்களின் பிழைப்புக்கு நம் அரசாங்கம் போட்டிருக்கும் விலை, உத்தண்டிக்குப் போகிறவரின் பதினோரு விநாடி. சட்டமன்றத்தில் எந்தக் கட்சிக்காரராவது இந்த வகுத்தல் கணக்கைப் போட்டுப் பார்த்தாரா?

முகத்துவாரம் மூடினால் என்ன ஆகும் என்பதைக் கோட்டைக்குப்பத்தில் சின்னப் பிள்ளையும் சொல்லும். கோடையில், ஏரியில் வந்து சேரும் ஆரணி ஆற்றில் தண்ணீர் நின்றுவிடும். உள்ளிருந்து தள்ளுவதற்கு வேகம் இல்லாதபோது கடல் மண்ணைக் கொண்டுவந்து வாயில் அடைத்துவிடும். இறால் குஞ்சு ஏரிக்குள் வராது; உள்ளே வளர்ந்த இறால் கடலுக்குப் போகாது; படகும் போகாது. அரசு வரும்வரை காத்திராமல் ஊரே காசு போட்டு மண்ணைத் தோண்டிய வருஷங்கள் உண்டு.

கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் மூன்றிலும் பாடு முறை இருக்கிறது. சுத்துவலை போடுகிற இடத்தை யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. முறை வைத்து, சீட்டுப் போட்டு, இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு என்று பிரித்துக்கொள்வார்கள். முகத்துவாரத்தை ஒட்டிய இடத்துக்குத்தான் மவுசு அதிகம். நீர் வற்றும்போது இறால் அந்த வழியாகத்தான் கடலுக்கு இறங்கும். வாய் அடைத்துவிட்டால் சீட்டில் நல்ல இடம் விழுந்தும் பயனில்லை. (பாடு முறையில் சாதிக் கணக்கும் உண்டு. வெளியே நிறுத்தப்பட்டவர்களின் சண்டை நியாயமானது. அதற்குத் தனிக் கட்டுரை வேண்டும்.) இருளர் பெண்கள் இடுப்பளவு சேற்றுத் தண்ணீரில் பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் துழாவி இறால் பிடிப்பார்கள். தம்பதிகளின் காணொளியில் இதுவும் வரும், பின்னணி இசையோடு, ஆறு விநாடிக்கு.

கிரேட் ஓஷன் ரோடு வேண்டுமென்றால் அதை முழுசாகவே பார்ப்போம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சுமார் மூவாயிரம் சிப்பாய்கள் 1919 முதல் 1932 வரை கடப்பாரையும் மண்வெட்டியுமாக வெட்டிய சாலை அது; செத்துப்போன தோழர்களுக்கான நினைவுச் சின்னம். நீளம் சுமார் 240 கிலோமீட்டர். 1936-இல் அரசு கையில் எடுத்ததும் சுங்கத்தை ஒழித்தார்கள். நம் கடற்கரைச் சாலையில் சுங்கம் கேட்கிறவர்கள் குறித்துக்கொள்ளலாம். இதைவிட முக்கியமானது 2020-இல் விக்டோரியா மாநிலம் போட்ட சட்டம். சாலையையும் சுற்றியுள்ள கடற்கரையையும் உயிருள்ள ஒரே இயற்கை அமைப்பு என்று அந்தச் சட்டம் சொல்கிறது. வடவுரங், ஈஸ்டர்ன் மார் பூர்வகுடிகள்தான் அந்த மண்ணின் மரபுவழி உரிமையாளர்கள் என்று ஏற்கிறது. அந்தக் கரையை நிர்வகிக்கத் தனி ஆணையமும் வந்தது. நம் ஆட்களுக்குத் தார் மட்டும்தான் கண்ணில் பட்டது.

ஏரிமேல் ரோடு போட்டால் என்ன நடக்கும் என்று ஊகிக்க வேண்டியதில்லை, பக்கத்திலேயே இருக்கிறது. சூலூர்ப்பேட்டையிலிருந்து ஸ்ரீஹரிகோட்டாவுக்கு ஏரி நடுவே கரை எழுப்பிச் சாலை போட்டார்கள். குளிர்காலத்தில் காரை ஓரங்கட்டிப் பூநாரையைப் படம் பிடிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. ஏரி அங்கே இரண்டாக வெட்டுப்பட்டு நிற்கிறது. வடபகுதி கோடையில் காய்ந்து வெடிக்கிறது. அந்த ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் மீனவர்களிடம் கடலுக்குப் போகாதே என்பார்கள். தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து ஆறாயிரம் ஏக்கருக்கு மேல் விரிக்கத் திட்டம் போட்டார்கள். 2023 செப்டம்பரில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் எதிர்ப்புக்கு நடுவே தள்ளிவைக்கப்பட்டது. இத்தனைக்கும் நடுவில் இப்போது காற்று வாங்க வருகிறவர்களுக்கும் ஒரு பங்கு வேண்டுமாம்.

சுற்றுலா வந்தால் வேலை வரும் என்பார்கள். என்ன வேலை? கார் நிறுத்துமிடத்தில் டோக்கன் கிழிக்கிற வேலை. 2011 கிறிஸ்துமஸ் அன்று இதே ஏரியில் சுற்றிப் பார்க்க வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் செத்தார்கள். படகுச் சவாரிக்குத் தடை வந்தது. இத்தனை ஆண்டுகளில் ஒழுங்கான படகுத்துறையும் உயிர்காக்கும் உடுப்பும் கொடுத்து அதை முறைப்படுத்த வக்கில்லாதவர்கள் ரோடு போட்டு ஊரை வாழ வைப்பார்களாம். உத்தண்டி மேம்பாலம் சுற்றுலாவுக்கு இல்லை, நெரிசலுக்கு என்று இன்னொரு சமாதானம். சனிக்கிழமை சாயங்காலம் அந்தச் சாலையில் அக்கரை என்ற இடத்தில் போய் நின்று பாருங்கள், யாருடைய நெரிசல் என்று தெரியும்.

பழவேற்காட்டுக்கு உல்லாசச் சாலை வேண்டாம். பொன்னேரியிலிருந்து பஸ் ஓடுகிறது, வருகிறவர்கள் அதில் வரட்டும். அரசு செய்ய வேண்டியது வேறு. விக்டோரியாவைப் போல ஏரிக்கென்று ஒரு சட்டம் போடட்டும். ஏரியில் பிழைக்கிறவர்களின் உரிமையை, இருளர் உரிமையையும் சேர்த்து, அதில் எழுதட்டும். முகத்துவாரத்தில் வருஷா வருஷம் மண் அள்ளப் பணம் எங்கே என்று நிதித்துறை கேட்டால், மேம்பாலத்தில் ஒரு கிலோமீட்டரைக் குறைத்து அந்த 148 கோடியை ஏரியின் பெயரில் போட்டு வைக்கட்டும். உத்தண்டிக்காரர்கள் சிக்னலில் இரண்டு நிமிஷம் கூடுதலாக நிற்க வேண்டி வரும். நிற்கட்டும்.