கலைப் படிப்பு வீணா?

"சரித்திரம் படித்தால் சோறு கிடைக்குமா?" என்று திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் சில பெரிய மனிதர்கள் கேட்கின்றார்கள். ஐ.ஏ.எஸ். பரீட்சைக்கு சர்க்கார் கேட்பது ஏதேனும் ஒரு பட்டந்தானே? கலெக்டர் நாற்காலி சரித்திரம் படித்தவனைத் தள்ளிவிடுகின்றதா என்று நாம் கேட்கின்றோம்.

1883-ல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கு வந்த செயின்ட் ஜோசப் கல்லூரி போன்றவற்றில் இவர்கள் முன்னோர் பி.ஏ. படித்து உத்தியோகங்களை அள்ளிக்கொண்ட காலத்தில் அப்படிப்பு அமிர்தமாயிருந்தது. 1965-ல் பெரியார் ஈ.வெ.ரா. கல்லூரி ஏற்பட்டு, குடியானவன் பிள்ளையும் கூலிக்காரன் பிள்ளையும் அதையே படிக்க வந்தவுடன் விஷமாகிவிட்டதாம்!

நோட்ஸை நெட்டுருப் போட்டு வாங்கிய பட்டம் உதவாது என்பது வாஸ்தவமே. ஏன், எப்படி என்று கேட்கப் பழக்கும் கல்விதான் உத்தியோகத்திலும் உயர்த்தும்.

தோழர்களே! பிள்ளை என்ன படிப்பது என்று ஜோசியனைக் கேளாதீர்கள், பிள்ளையையே கேளுங்கள்.