ஓடும் கைக்கு ஜி.பி.எஸ் வந்த கதை!

'இன்னைக்கு 5 கிலோமீட்டர் ஓடியாச்சு' என்று வாட்ச்சைப் பார்த்துச் சொல்கிறோமே... ஒரு காலத்தில் அதை நம்பவே முடியாது!

1999-லேயே கேஸியோ ஜி.பி.எஸ் வாட்ச் கொண்டுவந்துவிட்டது. ஆனால், பாதுகாப்பு காரணமாக, பொதுமக்களுக்கான சிக்னலில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்துவைத்திருந்தது. நிற்கும் இடத்தையே 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். ஓடிய தூரம் எப்படிச் சரியாக வரும்?

2000 மே மாதம், அதிபர் கிளின்டன் உத்தரவால் அந்தப் பிழை நிறுத்தப்பட்டது. 2003-ல் கார்மினின் 'ஃபோர்ரன்னர் 201' வந்தது. தீப்பெட்டியைவிடப் பெரிசு, மரங்களுக்கு அடியில் போனால் சிக்னல் தடுமாறும். ஆனாலும், ஓடும்போதே வேகமும் தூரமும் கையில் தெரிந்தன. 2006-ல் வந்த 305 மாடல், மரநிழலிலும் சிக்னலை நன்றாகப் பிடித்தது, இதயத்துடிப்பையும் காட்டியது.

செயற்கைக்கோள்கள் முன்பே வானத்தில் இருந்தன. திரையை விலக்கத்தான் ஓர் உத்தரவு தேவைப்பட்டது!